மூலையில் ஒரு கொம்பு

என்னிடம் படித்த மாணாக்கர் ஒருவர் அமெரிக்க தேசத்தில், டெக்ஸாஸ் ராஜ்யத்து ஹூஸ்டன் நகரத்தில் உத்தியோகம் பார்த்து வந்தார். கோடை விடுமுறை ஒன்றில் அவர் அழைப்பின் பேரில் அங்கே சென்று ஒரு மாதம் தங்கினேன். வீட்டுக் கூடத்தில் நுழைந்தவுடன் என் கண்ணில் பட்டவை, எதிர்ச் சுவரின் இரண்டு மூலைகளையும் அடைத்துக் கொண்டு நின்ற இரண்டு பெரிய மர உருப்படிகள். நாலடிக்கு மேல் உயரம். இரண்டரை அடிக்கு மேல் அகலம். ஒன்றின் தலைமீது மாக்கல் பிள்ளையாரும், மற்றதன் தலைமீது செட்டியார் பொம்மையும் வீற்றிருந்தார்கள். மளிகைச் சாமான் வைக்கும் பீரோக்கள் என்றே நான் எண்ணினேன்.

"அரிசி பருப்பெல்லாம் கூடத்திலேயே வைத்து விட்டீர்களா, அம்மா?" என்று மாணாக்கரின் தாயாரைக் கேட்டேன்.

"அதிலே அரிசி இல்லை, வாத்தியார் ஐயா. அதை வாங்கின காசுக்கு ஆயுசு பூராவும் அரிசி வாங்கியிருக்கலாம்" என்றார் அந்த அம்மையார்.

அவை ஒலிபெருக்கிகள். 'கிளிப்ஷ்ஹார்ன்' என்று பெயர். 1970-ம் வருஷத்தை ஒட்டிய காலத்தில் செய்யப்பட்டவை. மாணாக்கர் அவற்றை ஒரு விதவை மூதாட்டியிடமிருந்து ஏழு வருஷங்களுக்கு முன்பு வாங்கினாராம். இப்போது அவருக்குப் பாஸ்டன் நகரத்துக்கு மாற்றல் உத்தரவு வந்திருந்தது. அங்கே கிடைத்திருக்கும் அடுக்குமாடி வீட்டில் கூடம் பன்னிரண்டு அடிதான். ஒரு மூலையில் கதவு, மறு மூலையில் வெந்நீர்க் குழாய். மூலை இல்லாத வீட்டுக்கு இந்த ஒலிபெருக்கி ஏன், எப்படி உதவாது என்பதை விளங்கிக் கொள்ளச் சிறிது பௌதிகம் வேண்டும். பள்ளிக்கூட உபாத்தியாயர் எழுதும் கட்டுரையில் இவ்வளவு பாடங்கூட இல்லாவிட்டால் எப்படி?

வயலுக்கு அப்பால் போகிறவனைக் கூப்பிட வேண்டுமானால் நாம் இரு கைகளையும் வாயருகே குவித்துக் கொள்கிறோம். நாகஸ்வரத்தின் அடியில் அணசு விரிந்திருக்கிறது. ஊர்வலத்தில் ஊதும் கொம்பும் நுனியில் சிறுத்து வாயில் பெருத்திருக்கிறது. காரியம் எல்லாவற்றிலும் ஒன்றே. சின்னஞ்சிறு பரப்பு ஒன்று அசைந்தால் அறையிலுள்ள காற்று அதற்கு எளிதில் பிடிகொடுப்பதில்லை. அசைவின் பெரும் பகுதி வீணாகிறது. இடையே படிப்படியாக விரியும் ஒரு குழாயை வைத்தால், சிறு இடத்தின் மிகுந்த அழுத்தம் பெரிய இடத்தின் மெல்லிய அசைவாகச் சேதமின்றி மாறுகிறது. சாதாரண வீட்டு ஒலிபெருக்கி, நாம் கொடுக்கும் மின்சாரத்தில் நூற்றில் ஒரு பங்கு அளவையே ஒலியாக்குகிறது, மிச்சமெல்லாம் உஷ்ணம். கொம்பு வைத்த ஒலிபெருக்கி அதைப்போல் பல மடங்கு தருகிறது. ஒரு வாட் மின்சாரத்துக்கு ஒரு மீட்டர் தூரத்தில் சாதாரணப் பெட்டி 88 டெஸிபெல் தருமானால், கிளிப்ஷ்ஹார்ன் 105 டெஸிபெல் தருவதாகக் கணக்கு. பதினேழு டெஸிபெல் என்றால் ஏதோ சில்லறை என்று நினைத்து விடக் கூடாது. பெட்டிக்கு ஐம்பது வாட் ஊட்ட வேண்டிய இடத்தில் கொம்புக்கு ஒரு வாட் போதும் என்பது அதன் பொருள்.

அப்படியானால் எல்லோரும் கொம்பே வைத்துக் கொள்ளலாமே என்று கேட்பீர்கள். தடை, அதன் அளவில் இருக்கிறது. வினாடிக்கு 35 அதிர்வு கொண்ட கீழ்ஸ்தாயி ஒலியின் அலை ஏறக்குறைய 32 அடி நீளம். அதைச் சரிவர வெளியிடும் கொம்பின் வாய்ச் சுற்றளவும் அந்த அளவில் இருக்க வேண்டும். அதாவது பத்தடிக் குறுக்களவுள்ள வாய். அதை வீட்டில் வைத்தால் நாம் வாசலில்தான் படுத்துக் கொள்ள வேண்டும்.

இந்த முடிச்சை அவிழ்த்தவர் பால் வில்பர் கிளிப்ஷ் என்பவர். 1904-ல் இந்தியானா ராஜ்யத்தில் பிறந்தவர், மின்சார எஞ்சினீயர். தென் அமெரிக்காவில் சிலி தேசத்து வெடியுப்புச் சுரங்க ரயிலில் மின்சார இஞ்சின்களைப் பராமரித்தார். பிறகு டெக்ஸாஸில் பூமிக்கடியில் எண்ணெய் தேடுவோருக்குப் பௌதிக நிபுணராக உழைத்தார். இரண்டாவது உலக யுத்தத்தின்போது பட்டாளத்தார் அவரை ஆர்க்கன்ஸா ராஜ்யத்தில் ஹோப் என்னும் சிற்றூரிலிருந்த பீரங்கிப் பரிசோதனைக் களத்துக்கு அனுப்பினார்கள். ஹோப் என்றால் 'நம்பிக்கை'. ராட்சஸத் தர்ப்பூசணிப் பழங்களுக்குப் பேர் போன ஊர். பின்னாளில் ஜனாதிபதியான பில் கிளிண்டன் 1946-ல் பிறந்ததும் அங்கேதான்.

கிளிப்ஷ் கண்ட உபாயம் இது: அறையின் மூலையில் இரண்டு சுவர்களும் தரையும் கூடுகின்றன. அங்கே வைக்கும் கொம்புக்கு, வெட்டவெளியில் தேவைப்படும் வாயில் எட்டில் ஒரு பங்கு இருந்தால் போதும். நீண்ட குழாயை மடித்து மடித்து மரப்பெட்டிக்குள் அடக்கினார். கொம்பின் கடைசிப் பகுதியை அவர் செய்யவே இல்லை. வீட்டுக்காரர் கட்டிய சுவர்களே அந்தப் பகுதி! பதினைந்து அங்குலக் கூம்பு ஒன்று உள்ளே மறைந்திருந்து கீழ்ஸ்தாயியைத் தருகிறது. மேலேயுள்ள சிறு பெட்டியில் நடு ஸ்தாயிக்கு ஒரு கொம்பும், உச்சஸ்தாயிக்கு ஒரு கொம்பும் இருக்கின்றன. 1945-ல் இதற்கு அவர் பேடெண்டு பெற்றார். 1946-ல் அதே ஊரில் ஒரு தகரக் கொட்டகையில் கம்பெனி தொடங்கினார். பெரிய நகரங்களைத் தேடி ஓடாமல், தச்சர்கள் சிலரை வைத்துக் கொண்டு, சிற்றூரிலேயே 2002-ல் தொண்ணூற்றெட்டாம் வயதில் காலமாகும் வரை இருந்தார். 1989-ல் கம்பெனி உறவினர் ஒருவர் கைக்குப் போயிற்று. ஆனால் கிளிப்ஷ்ஹார்ன் இன்றும் அந்த ஊரில்தான் செய்யப்படுகிறது. கிராமத் தொழில் என்றால் மண்பானையும் பாயும் மட்டுந்தான் என்று எண்ணுகிற நம்மவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மனிதர் கொஞ்சம் முரட்டு ஆசாமி. போட்டிக் கம்பெனிக்காரர்கள் ஏதாவது அற்புதம் கண்டுபிடித்ததாக விளம்பரம் செய்தால், சட்டையின் மார்ப்பட்டையை மெல்லத் திருப்பிக் காட்டுவாராம். அங்கே மஞ்சள் வில்லை ஒன்று குத்தியிருக்கும். அதிலிருந்த சொல்லை நான் இங்கே எழுதுவதற்கில்லை. 'சுத்தப் பிதற்றல்' என்று நாகரிகமாக வைத்துக் கொள்ளுங்கள்.

மாற்றல் செய்தி தெரிந்ததும், மாணாக்கரின் சிநேகிதர்கள் சிலர் ஒரு சனிக்கிழமை மாலை வந்து சேர்ந்தார்கள். எல்லோரும் கொம்பு வைத்திருப்பவர்கள், அல்லது வைத்திருந்தவர்கள். அன்று மூன்று மணி நேரம் நடந்த வாதத்தைக் கேட்டபோது, நம் ஊர் சபாக்களில் பக்கவாத்தியத்தைப் பற்றி நடக்கும் சண்டை நினைவுக்கு வந்தது.

முதலில் பேசியவர் ஓய்வு பெற்ற எண்ணெய் எஞ்சினீயர். எழுபது வயதைக் கடந்தவர். 1978 முதல் ஒரே ஜோடியுடன் குடித்தனம் செய்கிறவர். எட்டு வாட் வால்வு ஆம்பிளிபையர் ஒன்றை வைத்துக் கொண்டு காலம் தள்ளுகிறார். "உரக்கக் கேட்பதற்காகத்தான் கொம்பு வாங்குகிறோம் என்று ஊரார் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறானது. நடு நிசியில் வீட்டார் உறங்கும்போது மிக மெல்ல வைத்தாலும் பாட்டின் உயிர் போவதில்லை. அதற்காகவே வைத்திருக்கிறேன்" என்பது அவர் கட்சி. கூம்பு மிகக் குறைவாக அசைவதால் ஒரு ஸ்வரம் மற்றொரு ஸ்வரத்தைக் கலக்குவதில்லை என்றும் சொன்னார். இது வெறும் பக்தியன்று. பெரிய ஒலியும் சிறிய ஒலியும் ஒரே கூம்பில் சேரும்போது உண்டாகும் கலப்படத்தைக் கிளிப்ஷ் வருஷக்கணக்கில் அளந்து கட்டுரைகள் எழுதியிருக்கிறார். ஒலியாக்கும் திறன் கூடக் கூடக் கலப்படம் குறைகிறது என்பது அவருடைய சித்தாந்தம்.

அடுத்தவர் மாதா கோவில் ஒன்றில் ஆர்கன் வாசிக்கும் அம்மையார். குழந்தைகளுக்குப் பியானோவும் கற்பிக்கிறார். அவரிடம் இருப்பது 'லா ஸ்காலா' என்னும் தங்கை ஜாதி. இதற்கு மூலை தேவையில்லை. இதன் ஜனன வரலாறு சுவையானது. வின்த்ராப் ராக்பெல்லர் என்பவர் ஆர்க்கன்ஸா கவர்னர் பதவிக்கு நின்றபோது, கூட்டங்களில் பேசுவதற்காக 1963-ல் கிளிப்ஷ் இதைச் செய்தாராம். அரசியலும் கொம்பும் அங்கேயும் உறவுதான். நம் தேசத்தில் சுதந்திரப் போராட்டக் கூட்டங்களில் காந்தியடிகளும் ஜவாஹர்லாலும் பேசும் புகைப்படங்களைப் பாருங்கள். ஒலிவாங்கியின்மேல் 'சிகாகோ ரேடியோ' என்று எழுதியிருக்கும். பெயரைக் கண்டு அந்நியச் சரக்கு என்று மயங்க வேண்டாம். அது பம்பாய் மோட்வானே குடும்பத்தாரின் ஸ்தாபனம். மைதானத்தின் கடைசி வரிசைக்கும் தலைவர்களின் குரலைக் கொண்டு போனவை மரத்திலும் கம்பத்திலும் கட்டிய கொம்புகளே.

ஆர்கன் அம்மையாரின் அபிப்பிராயம் கலப்பானது. பியானோவின் சுத்தியல் கம்பியில் விழும் அந்தக் கணத்தைக் கொம்பைப் போல் வேறு எதுவும் தருவதில்லை என்று அவர் ஒப்புக் கொண்டார். ஆனால் லா ஸ்காலாவின் கீழ்க் கொம்பு குட்டையானதால், 50 அதிர்வுக்குக் கீழே இறங்குவதில்லை. ஆர்கனின் பதினாறு அடிக் குழாய் 32 அதிர்வில் பேசுகிறது. "பதினைந்து வருஷமாக நான் வாசிக்கும் வாத்தியத்தின் கால்களை வெட்டிவிட்டு உடம்பை மட்டும் கேட்கிறேன்" என்றார். அது செய்தவர்களின் பிழையன்று. அளவைச் சுருக்கியதற்குக் கொடுத்த விலை. மேலும், உலோகக் கொம்பின் வழியாக வரும் மனிதக் குரலில், கையைக் குவித்துப் பேசுவது போன்ற ஒரு சாயல் கலந்திருக்கிறது என்றும் சொன்னார். பெரும்பாலான கொம்புகளைப் பற்றி இந்தப் புகார் உண்டு. பழகிய காதுக்கு அது மறைந்து போகிறது என்று எஞ்சினீயர் வாதித்தார். "பழகினால் பல்வலியும் மறைந்து போகும்" என்றார் அம்மையார்.

மூன்றாமவர் இளைஞர். கொம்புகளை விற்றுவிட்டுச் சிறு பெட்டிகளுக்கு மாறியவர். ஆகையால் மற்ற இருவருக்கும் அவர் மதம் மாறியவர் போல. அவருடைய ஆட்சேபங்கள் கூர்மையானவை. கீழ்ஸ்தாயி மடித்த குழாயில் பல அடி சுற்றி வருவதால், மேல் ஸ்தாயியைக் காட்டிலும் ஆயிரத்தில் சில பங்கு வினாடி பிந்தி நம் காதை அடைகிறது என்றார். கணக்கின்படி இது உண்மை. அது காதுக்குத் தெரியுமா என்பதில்தான் விவகாரம். அன்று அது தீரவில்லை. இரண்டாவது, கிளிப்ஷ்ஹார்ன் பிறந்த நாளில் வீட்டில் ஒரே ஒலிபெருக்கிதான். ஒரு மூலை போதும். ஸ்டீரியோ வந்தபின் இரண்டு மூலைகள் தேவையாயின. பெரிய அறையில் இரண்டும் வெகு தூரம் விலகி நின்றதால் நடுவில் பாட்டுக்கு ஓட்டை விழுந்தது. அந்த ஓட்டையை அடைக்கக் கிளிப்ஷே 1957-ல் ஒரு சிறு பெட்டி செய்தார். கீழ்ஸ்தாயிக்குக் கொம்பும் இல்லை, மூலையும் வேண்டாம். 'இது உங்கள் மதத்துக்கே விரோதமாயிற்றே!' என்று யாரோ சொல்ல, அதற்கு 'ஹெரஸி', அதாவது மதத் துரோகம், என்றே பெயர் வைத்து விட்டார். மூன்றாவது, சுவர். கொம்பின் கடைசிப் பகுதி சுவர் என்றேன் அல்லவா? மரச் சட்டத்தில் மெல்லிய அட்டைப் பலகையை அறைந்த அமெரிக்க வீட்டுச் சுவர் கீழ்ஸ்தாயியில் தானும் நடுங்கி, ஒலியைத் தின்று விடுகிறது. பழைய ஜோடிகளைச் சுவரோடு இடைவெளியின்றிப் பொருத்த வேண்டும். சுவரடியில் ஓடும் மரப்பட்டையை அறுத்தவர்களும், வெந்நீர்க் குழாய்க்குச் சுற்றும் நுரைப்பட்டையை இடையில் செருகியவர்களும் உண்டு. 2019-ல் வந்த புதிய அமைப்பில் பின்புறத்தையும் மூடிச் செய்துவிட்டபடியால் இந்தத் தொல்லை குறைந்தது. நம்முடைய பழைய வீடுகளின் செங்கற் சுவரையும் சுண்ணாம்புப் பூச்சையும் கிளிப்ஷ் கண்டிருந்தால் எவ்வளவு மகிழ்ந்திருப்பார் என்று நான் எனக்குள் எண்ணிக் கொண்டேன்.

பழைய சாமானுக்குரிய வியாதிகளைப் பற்றியும் பேச்சு வந்தது. நுரைவிளிம்பு வைத்த வேறு பல ஒலிபெருக்கிகளில் பதினைந்து இருபது வருஷத்தில் விளிம்பு பொடிப்பொடியாக உதிர்ந்து விடும். இதில் துணி விளிம்பானதால் அந்தக் கவலை இல்லை. ஸ்தாயிகளைப் பிரித்தனுப்பும் மின்சுற்றிலுள்ள கண்டென்ஸர்கள் முப்பது நாற்பது வருஷத்தில் தளர்ந்து, உச்சஸ்தாயி மங்குகிறது. அவற்றை மாற்றினால் பழைய பொலிவு திரும்புகிறது. என் மாணாக்கர் அதற்காக ஒரு ரிப்பேர்க் கடையில் கொடுத்தார். திரும்பி வந்தபின் ஓர் ஆண்டு காலம் கீழ்ஸ்தாயியே இல்லை. ஒன்றை மட்டும் வைத்தால் முழங்குகிறது. இரண்டையும் சேர்த்து வைத்தால் மறைகிறது. ஒலிபெருக்கியைக் குறை சொல்லி, அறையைக் குறை சொல்லி, கடைசியில் எஞ்சினீயர் வந்து பின்பக்கத்தைத் திறந்து பார்த்தார். கடைக்காரர் ஒன்றில் சிவப்புக் கம்பியையும் கறுப்புக் கம்பியையும் இடம் மாற்றி முடுக்கியிருந்தார்! ஒன்று தள்ளும்போது மற்றது இழுத்தால் ஒலி எங்கே நிற்கும்? இரண்டு நிமிஷ வேலை.

அந்த ஓராண்டில்தான் மாணாக்கரின் தகப்பனார் காலமானார். அவர் திருவாரூர்ப் பக்கத்தவர், நாகஸ்வரப் பித்தர். கடைசி ஆறு மாதம் இந்தக் கூடத்திலேயே சாய்வு நாற்காலியில் கிடந்து டி. என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி இசைத்தட்டைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டாராம். "கம்பி மாறியிருந்ததை அப்போதே கண்டுபிடித்திருந்தால் அப்பா முழுத் தோடியும் கேட்டிருப்பார், ஸார்" என்று மாணாக்கர் என்னிடம் தனியே சொன்னார். நாகஸ்வரத்துக்குக் கீழ்ஸ்தாயி அதிகம் வேண்டாம் என்றும், அவர் கேட்டது குறையின்றியே கேட்டிருக்கும் என்றும் நான் சொன்னேன். பௌதிகத்தின்படி அது பெரும்பாலும் சரி. தவில் விஷயத்தை நான் எடுக்கவில்லை.

அன்று மாலை வாதம் ஓய்ந்ததும் அந்த இசைத்தட்டை வைத்தார்கள். முதலில் வந்தது கரகரப்பு. கொம்பு எதையும் மறைப்பதில்லை. தட்டின் கீறல்களையும் அது கச்சேரியாகவே செய்கிறது. பழைய பதிவுகளைக் கேட்போர் அனைவரும் கொம்பின்மீது சொல்லும் குறை இது, நியாயமான குறை. பிறகு சீவாளி பேசிற்று. கொம்பில் பிறந்த ஒலி மறுபடியும் கொம்பு வழியே வந்தபோது, அந்தக் கையைக் குவித்த சாயல் எங்கேயோ போய்விட்டது. அல்லது அதுவே பொருத்தமாகி விட்டது. வாத்தியம் அறைக்குள் நின்றது என்று சொன்னால் மிகையாகாது. ஆர்கன் அம்மையார் கண்ணை மூடிக் கொண்டிருந்தார். பெட்டிக்கு மாறிய இளைஞர், தட்டு முடிந்ததும், இன்னொரு தடவை வைக்கச் சொன்னார். தாயார் சமையலறையை விட்டு வெளியே வரவில்லை.

என் அபிப்பிராயத்தைக் கேட்டார்கள். வீட்டுக்காக ஒலிபெருக்கி வாங்கலாம். ஒலிபெருக்கிக்காக வீடு தேடுவது சரியன்று என்று சொன்னேன். எஞ்சினீயர் உடனே மறுத்தார். அவர் மூன்று வீடுகள் மாறியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் வீட்டுத் தரகரிடம் முதலில் கேட்டது, கூடத்தில் நல்ல மூலை இரண்டு உண்டா என்பதுதானாம். அவருடைய மனைவியார் வந்திருந்தால் நானும் ஒரு கேள்வி கேட்டிருப்பேன்.

மாணாக்கர் போகிற பாஸ்டனுக்குப் பக்கத்திலுள்ள கேம்பிரிட்ஜில்தான் 1954-ல் எட்கர் வில்ச்சர் என்பவர் சிறு பெட்டியில் பெருங் கீழ்ஸ்தாயியை அடைக்கும் வித்தையைத் தொடங்கினார் என்பது ஒரு வேடிக்கை. காற்றுப் புகாமல் மூடிய அந்தப் பெட்டிக்கு மின்சாரம் அதிகம் வேண்டும். ஆனால் டிரான்ஸிஸ்டர் வந்து வாட் மலிந்து போனபின், மின்சாரத்தைச் சிக்கனம் செய்ய யாருக்குக் கவலை? இடத்தைச் சிக்கனம் செய்யவே ஜனங்கள் விரும்பினார்கள். வீடுகளில் கொம்பின் அரசு அதனால்தான் சுருங்கிற்று.

ஒரு வாரம் கழித்து ஏற்பாடு முடிந்தது. ஆர்கன் அம்மையாரின் வீடு பழங்காலத்துக் கட்டடம், உள்சுவரும் செங்கல், மூலைகள் இரண்டும் காலி. அவர் பாடம் நடத்தும் அறையில் ஒரு ஜோடி ஹெரஸி இருந்தது. அதையும் மேற்கொண்டு ஒரு தொகையையும் கொடுத்துவிட்டு கிளிப்ஷ்ஹார்ன்களை எடுத்துக் கொள்வது என்று பேச்சு. பின்னால் எப்போதாவது விற்பதானால் முதலில் என் மாணாக்கரிடமே சொல்வதாகவும் வாக்களித்தார்.

எடுத்துப் போக நாலு பேர் வந்தார்கள். மேல்பெட்டியைத் தனியே கழற்றிக் கொண்டு, அடிப்பெட்டியைச் சாய்த்து, வாசல் வழியாகக் கொண்டு போனார்கள். ஒன்று 75 கிலோவுக்குக் குறையாது. மூலைகளில் சுவர் வர்ணம் மங்காமல் இரண்டு புதுப் பட்டைகளாகத் தெரிந்தது. தாயார் பிள்ளையாரையும் செட்டியாரையும் முந்தானையில் துடைத்து, புதிதாக வந்திருந்த இரண்டு சிறு பெட்டிகளின்மேல் வைத்தார். அவை இரண்டடிக்கும் குறைவான உயரம்.

"இனிமேல் இவரைக் குனிந்துதான் கும்பிட வேண்டும், வாத்தியார் ஐயா" என்றார்.